முற்றத்துச் சருகு முற்றத்துக்கே

ஐப்பசி பிறந்தால் ரொறன்ரோ வீதிகளின் ஓரமெல்லாம் மண்ணிறக் கடதாசிப் பைகள் வரிசை கட்டும். ஒவ்வொரு பைக்குள்ளும் இருப்பது அடுத்த வருடத்துப் பசளை. காசு கொடுத்துப் பை வாங்கி அதை அனுப்பிவிட்டு, வைகாசியில் காசு கொடுத்துப் பசளையைத் திரும்ப வாங்கி வருகிறோம்.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நோர்வே மேப்பிள் நிற்கிறது. நட்டது மாநகரசபை, நிழலும் சருகும் எங்களுக்கு. மற்ற மரங்கள் ஒக்டோபரிலேயே சிவந்து கொட்டி முடித்த பிறகும் இது பச்சையாகவே நிற்கும். நவம்பர் பிறந்து கடிகார நேரம் மாறிய கையோடு மஞ்சளாகி, ஒரே கிழமைக்குள் முழுவதையும் இறக்கிவிடும். வேலையால் வீடு திரும்பும்போது இருட்டிவிடுவதால் இந்த ஊரில் சருகு கூட்டுவது சனி, ஞாயிறு வேலை.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு சனிக்கிழமை காலை. 11 பை கட்டி முடித்து 12ஆவது பையை விரித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்கு, மகளைப் பார்க்க உரும்பிராயிலிருந்து வந்திருந்த ஐயா ஒருவர், சாரத்துக்கு மேல் கனமான ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வீதியைக் கடந்து வந்தார். எண்பதைத் தாண்டியவர். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் வைத்தே காலம் கழித்தவர். பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“தம்பி, உதெல்லாம் எங்க போகுது?”

“சிற்றி லொறி வந்து ஏத்திக்கொண்டு போகும் ஐயா.”

“காசு தருவினமோ?”

“இல்லை ஐயா. பையும் நாங்கள்தான் வாங்கிறது.”

குனிந்து ஒரு கை சருகை அள்ளினார். கசக்கி மணந்து பார்த்தார். “எங்கட ஊரில வண்டில் கூலி குடுத்தெல்லோ குழை இறக்கிறனாங்கள். நீங்கள் இஞ்ச கட்டி அனுப்புறியள்.”

குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு, “ரெண்டு பையை எனக்குத் தாங்கோ தம்பி” என்றார். அவரது பேரன் வந்து தூக்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்தக் கேள்வியோடுதான் றேக்கைக் கையில் எடுத்திருக்கிறேன். படித்ததும் என் வளவில் செய்து பார்த்ததும் சேர்ந்து என்னை ஒரே முடிவில் கொண்டுவந்து விட்டிருக்கின்றன. வீட்டு வளவில் விழும் இலையில் பெரும்பகுதி அந்த வளவிலேயே தங்க வேண்டும். எங்கே, எவ்வளவு, எந்த வடிவில் என்பதில்தான் கவனம் வேண்டும்.

குப்பை என்ற சொல்

யாழ்ப்பாணத்துச் செம்மண் பார்வைக்குச் செழிப்பானது. ஆனால் சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்த அந்த மண்ணில் இலை உக்கல் குறைவு. வெயிலும் இறைப்பும் இருப்பதையும் கரைத்துவிடும். எனவே எங்கள் தோட்டக்காரர் மண்ணுக்கு இலை ஊட்டினார்கள். பூவரசு, கிளுவை, ஆமணக்கு என்று வேலியில் தழைத்ததெல்லாம் வெட்டப்பட்டுக் குழையாகத் தோட்டத்தில் தாழ்ந்தது. வேலி அடைத்த பனையோலை பழசானதும் எறியப்படவில்லை. பிரித்தெடுத்து அதையும் மண்ணுக்குள் புதைத்தார்கள். தென்னைக்கு அருகே கிடங்கு வெட்டி நிரப்பியதும் இலைதழைதான்.

ஊரில் ‘தோட்டத்துக்குக் குப்பை போட்டாச்சோ?’ என்று கேட்டால், எருப் போட்டாயிற்றா என்றுதான் பொருள். முற்றத்தில் கூட்டிய சருகும் மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் ஒரே குவியலில் கிடந்து உக்கி எருவானது. அந்தக் குவியலின் பெயர்தான் குப்பை. விமானம் ஏறி வந்த பிறகு அதே சொல், லொறியில் ஏற்றித் தொலைக்க வேண்டிய பொருளுக்குப் பெயராகிவிட்டது. தமிழ்நாட்டு உழவர்களிடம் இன்னொரு நல்ல சொல் இருக்கிறது. நைதரசனை அவர்கள் தழைச்சத்து என்பார்கள். மண்ணுக்கு வேண்டிய முதல் சத்தைத் தழையின் பெயராலேயே அழைக்கும் மொழி எங்களுடையது. தழை எரு என்பதை நாங்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, நினைவுபடுத்திக்கொண்டால் போதும்.

மரம் எடுத்ததும் விட்டதும்

தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர் காலம் கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் எங்களுக்குக் கூதிர், மழையும் குளிரும் சேர்ந்த பொழுது. அதே மாதங்களில் ஒன்ராறியோவில் நடப்பது வேறு.

பகல் குறுகக் குறுக, மரம் இலையின் பச்சையத்தைக் குலைத்து உள்ளே இழுக்கத் தொடங்குகிறது. பச்சை விலகியதும், கோடை முழுவதும் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு கடைசி நாட்களில் புதிதாக உருவாகும் நிறம் அது. பகல் வெயிலாகவும் இரவு குளிராகவும் அமைந்த வருடங்களில் சிவப்பு கூடுவது அதனால்தான். இதற்கிடையே காம்பின் அடியில் மெல்லிய உயிரணு அடுக்கு ஒன்று உருவாகி, இலையை மரத்திலிருந்து பிரிக்கிறது. காற்று அசைத்ததும் இலை இறங்குகிறது.

உதிர்வதற்கு முன்னால் இலையிலிருந்த நைதரசனில் ஏறக்குறைய பாதியை மரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பொஸ்பரசிலும் ஒரு பங்கு உள்ளே போய்விடும். மற்றப் பாதி நைதரசனும், மரத்தால் மீட்க முடியாத கல்சியமும், நாரும் காபனும் இலையோடு கீழே வருகின்றன. காட்டில் அவை விழுந்த இடத்திலேயே உக்கி, அதே மரத்தின் வேருக்குத் திரும்பும். இந்தப் பிரதேசத்துக் காட்டு மண் இப்படித்தான் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சேர்ந்தது. எங்கள் வாசல் மேப்பிளின் வேரும் எங்கள் புல்லுக்கு அடியில்தான் ஓடுகிறது. சருகைக் கட்டி அனுப்பும்போது, மரம் தன் வேருக்குப் போட்ட சோற்றை நாங்கள் இடையில் மறித்து அப்புறப்படுத்துகிறோம்.

ரொறன்ரோவில் சுமார் 1 கோடியே 15 இலட்சம் மரங்கள் இருப்பதாக மாநகரசபையின் 2018ஆம் ஆண்டு மரக்கணக்கு சொல்கிறது. அவற்றில் பெரும்பகுதி தனியார் வளவுகளில் நிற்கிறது. சருகை என்ன செய்வது என்ற முடிவும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும்தான் எடுக்கப்படுகிறது.

வெறும் பச்சை என்ற ஆசை

சருகில்லாத புற்றரையை அழகு என்று நாங்கள் எங்கே கற்றோம்? ஒரு காலத்தில் ஒட்டக் கத்தரித்த புற்றரை இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைக்கு முன்னால் மட்டும் இருந்தது. அரிவாளோடு வேலையாட்களும் மேயும் செம்மறிகளும் இல்லாமல் அதைப் பராமரிக்க முடியாது. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆலைகளில் துணியின் மேற்பரப்பை ஒட்ட மழிக்கும் இயந்திரம்தான் அவருக்கு முன்மாதிரி. அதன் பிறகு மாளிகையின் அடையாளம் மெல்ல மெல்ல ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்தது.

இன்று வட அமெரிக்காவில் அது எவ்வளவு பெரிது? செய்மதிப் படங்களைக் கொண்டு நாசாவில் கிறிஸ்டினா மிலேசி தலைமையில் 2005இல் வெளியான ஆய்வு, ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 1,28,000 சதுர கிலோமீற்றர் புற்றரை இருப்பதாக மதிப்பிட்டது. கிட்டத்தட்ட முழுத் தமிழ்நாட்டின் பரப்பு. இலங்கையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தனை நிலத்திலும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ‘ஒரு சருகும் கிடக்கக் கூடாது’ என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு எரிபொருள், எவ்வளவு பசளை போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியே விட்டாலும் கெடும்

ஐயா கேட்ட அடுத்த வருடம் நான் எதிர்ப்பக்கத்துக்குத் தாவினேன். ஒரு சருகையும் தொடவில்லை. நவம்பர் மழையில் ஊறிப் படிந்த மேப்பிள் இலைகள், நனைந்த கடதாசி அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மேலே பனி விழுந்தது. ஏப்ரலில் பனி கரைந்தபோது, சருகு தடித்துக் கிடந்த இடங்களில் புல் வைக்கோல் நிறத்தில் வட்டம் வட்டமாகச் செத்துக் கிடந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் சிலந்தி வலை போல் ஒரு படலம். பனிப்பூஞ்சணம் என்பது இதுதான். ஈரமும் இருட்டும் சேரும் இடத்தில், பனிக்கு அடியிலேயே வளரும் பூஞ்சணம்.

இங்கே விதைக்கப்படும் புல் வகைகள் குளிருக்குப் பழகியவை. மரம் உறங்கப் போன பிறகும், நவம்பர் வெயிலை வாங்கி வேருக்கு உணவு சேர்த்துக்கொண்டே இருக்கும். அந்தச் சில கிழமை வெளிச்சத்தைத் தடித்த சருகுப் படுக்கை தடுத்துவிட்டால், புல் பலம் சேர்க்காமலே பனிக்குள் போகிறது. எனவே மழுங்கக் கூட்டுவதும் சரியில்லை, முழுசாக விடுவதும் சரியில்லை. இலை அங்கேயே இருக்க வேண்டும். புல்லின் வெளிச்சத்தை மறைக்கவும் கூடாது. இரண்டுக்கும் இடம் கொடுக்கும் வழி, பலர் வீட்டுக் கராஜுக்குள் ஏற்கெனவே நிற்கிறது.

நறுக்கி விடுங்கள்

புல் வெட்டும் மெசின்தான் அந்த வழி. பின்னால் தொங்கும் பையைக் கழற்றுங்கள். வெட்டும் உயரத்தை 3 அங்குலமாக உயர்த்துங்கள். சருகு காய்ந்திருக்கும் நேரம் பார்த்து, அதன்மேல் மெதுவாக ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு குறுக்கே ஒருமுறை. இலைத்துண்டு பத்துச் சத நாணயம் அளவுக்குச் சிறுத்துப் புல்லுக்குள் இறங்கிவிட வேண்டும். முடிந்ததும் நின்று பாருங்கள். பாதிக்கு மேல் பச்சை தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் இன்னொருமுறை ஓட்டுங்கள், அல்லது மேலதிகத்தை வாரி வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள். இலை முழுவதும் கொட்டும்வரை காத்திருக்காமல் கிழமைக்கொருமுறை செய்தால் வேலை இலகு.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புல்லியல் ஆய்வாளர்கள் 1990கள் முதல் இதைச் சோதித்து வந்திருக்கிறார்கள். 6 அங்குலம் வரை கிடந்த மேப்பிள், ஓக் சருகை நறுக்கிப் புல்லுக்குள் விட்டபோதும் புல்லுக்குத் தீங்கு வரவில்லை. மாறாக, வருடாவருடம் அப்படிச் செய்த இடங்களில் மஞ்சள் பூப் பூக்கும் டண்டலையன் களை குறைந்தது. களை விதை முளைக்க வெறும் மண் வேண்டும். புல்லுக்கு இடையே தெரியும் வெறும் மண்ணை இலைத்துண்டுகள் மூடிவிடுகின்றன.

ஒன்ராறியோக்காரருக்கு இது சின்னச் செய்தியல்ல. அழகுக்காகக் களைகொல்லி தெளிப்பதை மாகாண அரசு 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்துவிட்டது. அன்று முதல் வைகாசியில் குனிந்து குனிந்து டண்டலையன் பிடுங்குகிற வேலை எங்கள் தலையில். அந்த வேலையில் ஒரு பங்கை நவம்பரிலேயே மெசினால் குறைத்துக்கொள்ளலாம்.

‘ஓக் சருகு மண்ணைப் புளிக்க வைக்கும்’ என்ற பயமும் பலருக்கு உண்டு. இந்தியானா மாநிலத்தின் பேர்டியூ பல்கலைக்கழகம் இதையும் சோதித்தது. நறுக்கிய சருகால் மண்ணின் அமிலத்தன்மை குறிப்பிடும்படி மாறவில்லை.

நறுக்கிய துண்டுகளை மண்ணுக்குள் கொண்டுபோகும் வேலை மண்புழுவுக்கு. சார்ள்ஸ் டார்வின் தன் வாழ்வின் கடைசி நூலை, 1881இல், மண்புழுக்களைப் பற்றியே எழுதினார். புழுக்கள் இலையை எந்த முனையில் பிடித்தால் வளைக்குள் இலகுவாக இழுக்கலாம் என்று தேர்ந்து பிடிப்பதை அவர் இரவிரவாகக் கவனித்திருக்கிறார். நவம்பரில் விட்ட துண்டுகளை ஜூனில் தேடிப் பாருங்கள். என் வளவில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

மிஞ்சிய சருகு தோட்டத்துக்கு

பெரிய மரம் நிற்கும் வளவில் எல்லாவற்றையும் புல்லுக்குள் விட முடியாது. மிஞ்சுவதுதான் எங்களவருக்கு உண்மையான புதையல். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று எங்கே போனாலும் தமிழர் வீட்டுப் பின்வளவில் கோடைக்குப் பாவலும் கத்தரியும் வெண்டியும் உண்டு. அந்தப் பாத்திகள் ஒக்டோபரில் வெறுமையாகி, ஏப்ரல் வரை காற்றிலும் பனியிலும் கிடந்து இறுகுகின்றன. அவற்றை நறுக்கிய சருகால் அரை அடிக்கு மூடிவிடுங்கள். மண் திரும்பத் திரும்ப உறைந்து உருகுவது குறையும். வசந்தத்தில் களையும் குறையும்.

உள்ளி நடுவதற்கும் இதுவே பருவம். ஒக்டோபர் நடுவில் பல்லைப் பிரித்து ஊன்றி, மேலே 4 முதல் 6 அங்குலம் சருகு போட்டுவிட்டால் போதும். வசந்தத்தில் சருகைத் துளைத்துக்கொண்டு முளை வரும். ஜூலையில் கிண்டி எடுக்கலாம்.

கூட்டெரு போடுவோர் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த சருகில் ஒரு பங்கு நைதரசனுக்கு 40 முதல் 80 பங்கு வரை காபன். வெட்டிய புல்லிலும் மரக்கறிக் கழிவிலும் அது 15 முதல் 20 அளவில் நிற்கும். குவியல் சூடேறி விரைவாக உக்குவதற்கு 30 அளவில் இருப்பது நல்லது. எனவே சருகைப் பின்வளவில் ஒரு மூலையில் குவித்து வைத்து, கோடையில் சமையலறைக் கழிவு கொட்டும் ஒவ்வொரு தடவையும் மேலே இரண்டு மடங்கு சருகு போட்டு மூடுங்கள். மணமும் வராது, ஈயும் வராது. உக்காத சருகைத் தனியே மண்ணோடு கலந்து புதைத்தால், அதை உக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடிக்கும். புதைப்பதென்றால் கூடவே எரு சேர்க்க வேண்டும்.

ஒன்றும் சேர்க்காமல் சருகை மட்டும் கம்பிவலைக் கூண்டுக்குள் அடைத்து, காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்று அல்லது இரண்டு வருடத்தில் கறுத்து, நொறுங்கி, காட்டு மண் வாசத்தோடு இலை உக்கல் கிடைக்கும். தன் எடையைப் போலப் பலமடங்கு நீரைப் பிடித்து வைக்கக்கூடியது அது. தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருப்போர் மண்ணோடு கலந்து பார்க்கட்டும்.

வீதியில் மட்டும் கிடக்கக் கூடாது

சருகு தங்கவே கூடாத இடம் வீதியோரம். பலர் முற்றத்துச் சருகை வீதிக்குத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் அது கேடாகிறது. கார்ச் சில்லுகளில் நசிந்த இலைமேல் மழை பெய்யும்போது, கேத்தலில் தேயிலை ஊறுவதுபோல் பொஸ்பரஸ் கரைந்து வடிகாலுக்குள் இறங்கும். ஸ்காபரோ வடிகால்களில் விழும் மழைநீர் ஹைலண்ட் கிறீக், ரூஜ் ஆறு வழியாக ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. வளவில் பசளையாக இருந்த பொஸ்பரஸ், ஏரியில் பாசிக்குத் தீனியாகிறது.

விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகரில் அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் செல்பிக் இதை அளந்து 2016இல் வெளியிட்டார். குளிர்காலம் நீங்கலாக, வருடம் முழுவதும் மழைநீரோடு ஓடிய பொஸ்பரசில் 56 சதவீதம் இலையுதிர் காலத்தில் மட்டும் போனது. மழைக்கு முன்னரே வீதியில் இலையை அகற்றிய பகுதியில் அந்தப் பங்கு 16 சதவீதமாகச் சுருங்கியது.

எனவே மழை அறிவித்தல் வந்தால் முதலில் றேக்கோடு வீதிக்குப் போங்கள். உங்கள் வாசலோர வடிகால் வாயைத் திறந்து வையுங்கள். அது அடைபட்டால் நீர் தேங்கி நிலக்கீழ் அறைக்குள் புகலாம். அங்கே குடியிருப்பது பெரும்பாலும் புதிதாக வந்த ஒரு குடும்பம். நடைபாதையில் ஒட்டிய ஈரச் சருகு வயோதிபரை வழுக்கி விழுத்தும். கூரைப் பீலிகளையும் பனிக்கு முன் துப்புரவாக்கி விடுங்கள். இவ்வளவும் அக்கம்பக்கத்துக்கு நாங்கள் செய்ய வேண்டிய கடமை.

சருகுக்குள் உறங்குவோர்

என் மகள் சின்னவளாக இருந்தபோது பின்வேலியோரச் சருகைக் கிளறி, கறுப்பும் செம்மண் நிறமுமாக ஒரு மயிர்க்கொட்டியைக் கண்டுபிடித்தாள். குளிரில் சுருண்டு கிடந்தது. உடல் உறைந்தாலும் சாகாத உயிர் அது. தனக்குள்ளேயே உறைவைத் தாங்கும் பொருளைச் சுரந்துகொண்டு, சருகுக்கு அடியில் குளிர்காலத்தைக் கழித்து, கோடையில் அந்துப்பூச்சியாக மாறும். வெளிர்பச்சைச் சிறகு விரிக்கும் லூனா அந்து, இலையைச் சுற்றிக் கட்டிய கூட்டுக்குள் சருகோடு சருகாகக் கிடக்கும். பம்பிள் தேனீக்களின் இராணி, சருகுக்குக் கீழே மண்ணில் ஓர் அங்குலம் இரண்டங்குலம் ஆழத்தில் தனியே உறங்கும். அடுத்த வருடக் கூட்டம் முழுவதும் அவள் ஒருத்தியிடமிருந்துதான் வர வேண்டும். எங்கள் பூசணிப் பூவுக்கும் தக்காளிப் பூவுக்கும் வருகிறவை அந்தக் கூட்டத்துத் தேனீக்கள்.

முதுகெலும்பில்லா உயிர்களின் பாதுகாப்புக்காக உழைக்கும் அமெரிக்காவின் சேர்சீஸ் சங்கம் ‘இலைகளை விட்டுவையுங்கள்’ என்று பல வருடங்களாகப் பிரசாரம் செய்வது இதற்காகத்தான். இங்கே ஒரு முரண்பாடும் உண்டு. மெசினால் நறுக்கும்போது இலைக்குள் உறங்கும் உயிரும் நறுக்கப்படும். எனவே வளவைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். புல்லின்மேல் விழுந்ததை நறுக்கலாம். மரத்தடியிலும், பூச்செடிகளுக்கு இடையிலும், பின்வேலி மூலையிலும் விழுந்ததை நறுக்காமல் முழு இலையாகவே விட்டு, வசந்தம் நன்றாகச் சூடேறும்வரை கிளறாதீர்கள்.

சருகை விட்டுவைத்தால் உண்ணி சேரும் என்ற பயமும் நியாயமானது. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி ரூஜ் தேசிய நகர்ப் பூங்காப் பக்கம் நிலைகொண்டுவிட்டது. அந்தப் பூங்காவின் விளிம்பிலேயே எங்களவர் ஏராளமாகக் குடியிருக்கிறார்கள். உண்ணிக்கும் ஈரச் சருகு பிடிக்கும். காட்டை ஒட்டிய வீடென்றால், பிள்ளைகள் விளையாடும் இடத்தையும் ஊஞ்சலைச் சுற்றியும் சருகில்லாமல் வைத்திருங்கள். முழுச் சருகு கிடக்கும் மூலை அங்கிருந்து தள்ளியே இருக்கட்டும். சருகு அள்ளிய அன்று இரவு கைகாலைப் பார்த்துவிட்டுக் குளியுங்கள்.

இரைச்சலும் புகையும்

சனிக்கிழமை காலை எங்கள் தெருவை எழுப்புவது, சருகை ஊதித் தள்ளும் பெற்றோல் புளோவர். அதில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது பழைய இரண்டடிப்பு எஞ்சின். எண்ணெயையும் பெற்றோலையும் கலந்து குடித்து, ஒரு பங்கை எரியாமலே வெளியே துப்பும். தொழில்முறைப் புளோவர் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் வெளிவரும் புகைமூட்ட மாசு, 2017ஆம் ஆண்டு ரொயொட்டா கம்ரி கார் ஒன்று 1,100 மைல் ஓடினால் வரும் மாசுக்குச் சமம் என்கிறது கலிஃபோர்னியா வான்வளச் சபை. லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து டென்வர் போகும் தூரம் அது. வாஷிங்டன் நகரம் 2022 ஜனவரி முதல் பெற்றோல் புளோவரைத் தடைசெய்தது. கலிஃபோர்னியாவில் இத்தகைய சிறிய எஞ்சின்களின் புதிய விற்பனைக்கு 2024 முதல் கட்டுப்பாடு.

அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அதை முதுகில் சுமக்கும் தொழிலாளி. புதிதாக நாட்டுக்கு வந்து புல் வெட்டும் வேலையில் சேர்ந்த எங்கள் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. சருகை வளவிலேயே வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த இயந்திரம் அவ்வளவாகத் தேவைப்படாது.

பை எங்கே போகிறது?

ஐயாவின் முதல் கேள்விக்கு இப்போது என்னிடம் மறுமொழி உண்டு. ரொறன்ரோவில் கடதாசிப் பைகளில் வைக்கும் சருகு புதைகுழிக்குப் போவதில்லை. மாநகரசபை அதைக் கூட்டெருவாக்குகிறது. அது நல்ல ஏற்பாடு. பிளாஸ்ரிக் பையில் கட்டினால் எடுக்க மாட்டார்கள்; ஒரு பை 20 கிலோவைத் தாண்டவும் கூடாது. எல்லா ஊரிலும் இந்த ஒழுங்கு கிடையாது. ஐக்கிய அமெரிக்காவில் 2018இல் சேர்ந்த வளவுக் கழிவு 35.4 மில்லியன் தொன் என்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அதில் 10.5 மில்லியன் தொன் புதைகுழிக்குப் போனது. காற்றில்லாத புதைகுழியில் சருகு உக்கினால் மீதேன் வரும். நூறு வருடக் கணக்கில், காபனீரொட்சைட்டை விட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு.

எங்கள் ஊரில் பை நல்ல இடத்துக்கே போனாலும், அதற்கு ஒரு லொறி வீதி வீதியாக ஓட வேண்டும். கடதாசிப் பைக்கு ஒரு மரம் விழ வேண்டும். வைகாசியில் நாங்கள் கடைக்குப் போய், இலையும் எருவும் உக்கிய மண்ணைப் பிளாஸ்ரிக் பையில் வாங்கிக் காரில் ஏற்றி வர வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால் கிடைப்பது, ஒக்டோபரில் எங்கள் காலடியில் கிடந்த பொருள்தான்.

பைக்குள் போக வேண்டியவை

சில சருகு வளவில் தங்கக் கூடாது. அவற்றுக்குப் பைதான் சரி.

• ஆப்பிள் மரத்துச் சருகு. இலையிலும் காயிலும் சொறி விழுத்தும் பூஞ்சணம் விழுந்த இலையிலேயே குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் திரும்ப மரத்தில் ஏறும்.

• கறுத்த தார்ப்பொட்டு விழுந்த மேப்பிள் இலை மிகுதியாக இருந்தால் அதையும் அனுப்பலாம். அந்த நோயால் மரம் சாகாது. பொட்டு மட்டும் வருடாவருடம் திரும்பும்.

• வீதியோரத்தில் வாரிய, எண்ணெயும் உப்பும் பட்ட ஈரச் சருகு.

கறுப்பு வோல்நட் மரம் நிற்கும் வளவென்றால் அதன் சருகைப் பச்சையாகத் தக்காளிப் பாத்தியில் போடாதீர்கள். அதிலுள்ள ஜக்லோன் என்ற பொருள் தக்காளியை வாட்டும். நன்றாக உக்கிய பிறகு அந்தக் குணம் போய்விடும்.

கடந்த வருடம் எங்கள் வாசலில் நின்ற பைகள் இரண்டு. ஒன்றில் பின்வளவு ஆப்பிள் மரத்துச் சருகு, மற்றதில் வடிகால் வாயிலிருந்து வாரியது. 12 பை கட்டிய அதே மரம் இன்னும் அதே அளவு கொட்டுகிறது.

ஐயா அந்த வருடம் பனி தொடங்க முன்னமே ஊருக்குத் திரும்பிவிட்டார். போவதற்கு முன், என்னிடம் வாங்கிய இரண்டு பைச் சருகையும் மகள் வீட்டுப் பின்வளவில் பாத்தி நீளத்துக்குக் கிடங்கு கொத்தித் தாழ்த்தினார். மேலே கடையில் வாங்கிய கோழி எருவைத் தூவி, தண்ணீர் தெளித்து, மண்ணால் மூடிவிட்டுப் போனார். பேரன் அருகில் நின்று மண்வெட்டி பிடித்தான்.

அடுத்த ஆவணியில் எதிர்வீட்டு அக்கா ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்து எங்கள் வாசற்படியில் வைத்தா. “அப்பா போன் எடுத்தவர், எதிர்வீட்டுத் தம்பிக்கும் குடு எண்டு சொன்னவர்” என்றா. காய்களைச் சுளகில் கொட்டிவிட்டுப் பையை மடிக்கும்போதுதான் கவனித்தேன். முந்தைய நவம்பரில் சருகோடு நான் கொடுத்த மண்ணிறக் கடதாசிப் பை.